வாசனையால் மூடாதீர்கள், நாற்றத்தின் வேரைத் தேடுங்கள்

வீட்டில் கெட்ட வாடை வந்தால் ஊதுபத்தி, சாம்பிராணி, ஸ்பிரே என்று கை நீள்கிறது. இவை வாடையை மறைக்குமே ஒழிய நீக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தப் புகையே இழுப்பைக் கிளப்பிவிடும்.

ஒட்டுப்பால் வாடை

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) உறைந்த ரப்பர்ப் பாலிலுள்ள புரதத்தையும் சர்க்கரையையும் கிருமிகள் தின்று, ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை விடுகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். அமிலத்துக்குக் காரம்தான் மாற்று. வேலை உடுப்பை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், சமையல் சோடா கரைத்த வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள். மீன் கவிச்சி இதற்கு நேரெதிர். அதில் இருப்பது காரம். நம் பாட்டிமார் மீன்சட்டியைப் புளி போட்டுத் தேய்த்ததில் நல்ல வேதியியல் இருக்கிறது.

ஈரமும் பூஞ்சணமும்

2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான், மெர்போக் வட்டாரங்களைச் சேற்றில் மூழ்கடித்தது. அப்படி நனைந்த மெத்தையை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். எறிந்துவிடுவதே நல்லது. வெள்ளம் வராத வீட்டிலும் ஒழுகும் கூரை, சுவரோடு ஒட்டிய அலமாரி, அறைக்குள் காயும் துணி ஆகியவையே பூஞ்சணம் பிடிக்கப் போதும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் தழைக்கும். மழை விட்டதும் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

குளியலறையில் சாக்கடை வாடை வருகிறதா? தரைக்குழாய் வளைவில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பாச்சை உருண்டை: பெற்றோர் கவனத்துக்கு

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலின் உருண்டையின் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள்காமாலை வரலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்படுகிறது. முடிவைக் கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் உருண்டையே வேண்டாம். அதோடு வைத்திருந்த துணியையும் துவைக்காமல் போர்த்தாதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். குளோரோக்ஸ் வெளுப்பானோடு கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

சமையலறையில் அழுகிய முட்டை போன்ற வாடை வந்தால் அது எரிவாயுக் கசிவாக இருக்கலாம். மின்விசிறிச் சுவிட்சைக்கூடத் தட்டாமல், எரிவாயுத் தோம்பின் வாயை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, வீட்டாரை வெளியே கூட்டிச் செல்லுங்கள்.