மீண்டும் பணிக்கு வரும் தாய்மார்

நம் கிராமங்களில் பெண் உழைக்காத நாள் என்று ஒன்று இல்லை. நாற்று நடுவது முதல் நெல் தூற்றுவது வரை அவள் கை படாத வேலை அரிது. எனினும், பள்ளியிற் பயின்று, ஊதியமுள்ள ஒரு பணியில் அமர்ந்த பெண், முதற் குழந்தை பிறந்ததும் அப்பணியை விட்டு விலகுவதைப் பல ஊர்களிலும் காண்கிறோம். குழந்தைகள் தாமாகவே பள்ளிக்குச் சென்று வரும் பருவம் எய்துவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அப்பொழுது அவள் மீண்டும் பணிக்குச் செல்ல விரும்பினால், “இத்தனை காலம் கழித்து உன்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?” என்ற கேள்வியே வீட்டில் முதலில் எழுகிறது. அக்கேள்விக்கு விடை உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் காட்டிய வழி

இம்முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. துர்காபாய் தேஷ்முக் அம்மையார் சென்னையில் 1937-இல் நிறுவிய ஆந்திர மகிளா சபை, இளமையில் கல்வியை இழந்த பெண்களைக் காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேஷன் தேர்வுக்குப் பயிற்றியது. 1953-இல் அவர் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், 1958-இல் வயது வந்த பெண்களுக்கெனச் சுருக்கப் பாட வகுப்புகளைத் தொடங்கிற்று. பல ஆண்டுகளில் கற்க வேண்டிய பாடங்களை ஈராண்டுக்குள் பயிற்றி, அவர்களைக் கிராம சேவிகைகளாகவும் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் ஆக்குவதே அவ்வகுப்புகளின் குறிக்கோளாக இருந்தது. இடையில் கழிந்த ஆண்டுகள் அறிவை அழித்துவிடுவதில்லை என்ற நம்பிக்கையே அத்திட்டத்திற்கு அடிப்படை.

தடைகள் யாவை?

முதல் தடை நேரமின்மையாகும். நாட்டின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்மகன் செலவிடுவதோ 97 நிமிடங்களே. ஏறத்தாழ ஐந்து மணி நேர வீட்டு வேலையைத் தலையில் சுமந்துகொண்டு, அதன்மேல் வெளி வேலையையும் ஏற்றுக்கொள் என்றால் எவரால் இயலும்? ஆகவே, பணிக்குத் திரும்புதல் என்பது பெண்ணின் முயற்சி மட்டுமன்று; குடும்பம் முழுவதும் கலந்து செய்யவேண்டிய ஏற்பாடாகும்.

இரண்டாவது தடை சான்றிதழ்களைப் பற்றியது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்த பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். குழந்தையைச் சுமந்து திரியும் காலத்திலே அது மறந்துபோகிறது. அத்துடன் பதிவு மூப்பும் கைநழுவுகிறது. மேலும், பள்ளிச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்தும், திருமணத்திற்குப் பின் எடுத்த அட்டைகளில் கணவரின் தலைப்பெழுத்தும் இருப்பதால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க நேர்கிறது. பணி தேடப் புறப்படுமுன் இவற்றைச் சரிபார்த்துத் திருத்தி வைத்துக்கொள்ளுதல் நலம். இன்னும் பணியிலிருந்து விலகாத இளந்தாய்மாரும் தம் பதிவைக் காலந்தவறாது புதுப்பித்து வருவாராக.

பத்தாம் வகுப்பை முடிக்காமல் நின்றவர்களும் மனந்தளர வேண்டுவதில்லை. 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை வயது வந்தோர் எவரும் எழுதலாம். மேல்வயது வரம்பு கிடையாது. பாடங்களை ஒரே முறையில் எழுதி முடிக்க வேண்டியதுமில்லை. ஐந்தாண்டுக் காலத்திற்குள் சிறிது சிறிதாகத் தேறலாம். அடுப்பங்கரை வேலைக்கிடையே படிப்பவர்க்கு இது பெரிய வசதியாகும்.

படிப்படியான முன்னேற்றம்

நெடுநாள் பழக்கமற்றிருந்தவர், முதல் நாளே முழுப் பொறுப்பையும் ஏற்பது கடினம். அதற்கேற்ற பயிற்சிக்களமாக அமைந்திருப்பவை சுய உதவிக் குழுக்கள். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய இக்குழுக்களில், சேமிப்புக் கணக்கு எழுதுதல், தீர்மானம் பதிவு செய்தல், வங்கிக்குச் சென்று பேசுதல் ஆகியவற்றைப் பெண்களே செய்கின்றனர். ஈராண்டுக் காலம் குழுவின் கணக்கை எழுதியவர், அதனைத் தம் அனுபவமாக எவரிடத்தும் துணிந்து கூறலாம். தொழில் தொடங்க எண்ணுவோர்க்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் தையல், கறவை மாடு வளர்ப்பு முதலியவற்றைக் கட்டணமின்றிக் கற்பிக்கின்றன. 1982-இல் கர்நாடக மாநிலத்து உஜிரேயில் தோன்றிய நிலையமே இவற்றிற்கு முன்மாதிரி.

வீட்டிற்கு அருகிலேயே கிடைக்கும் பணிகளும் தாய்மார்க்கு உகந்தவை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் சுகாதாரத் தன்னார்வலர்களாகச் சேர்க்கப்பெற்றனர். 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் சமையற் பணி இக்குழுப் பெண்களிடம் ஒப்படைக்கப்பெற்றது. அப்பள்ளியிலேயே தம் குழந்தை பயிலும் தாய்மாரைத் தேர்ந்தெடுக்க விதி செய்தனர். எனினும் இவை மதிப்பூதியப் பணிகளே. முழு ஊதியமுள்ள நிலையான வேலைக்கு ஈடாகமாட்டா. இவற்றை முதற்படியாகக் கொண்டு, அதன்மேல் அடுத்த படியை நாடுதலே அறிவுடைமை.

ஊரார் கடமை

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அமைந்த அங்கன்வாடி, தாய் பணிக்குச் செல்ல முதல் துணையாகும். அங்கே நல்ல குடிநீரும் ஒழுகாத கூரையும் உண்டா என்பதைக் கிராம சபையில் கேட்பது ஒவ்வொருவர் கடமை. குழந்தை பத்திரமாக இருக்கிறது என்ற உறுதி இல்லாத தாய், எந்த வேலையிலும் மனம் ஊன்றமாட்டாள்.

வீட்டு ஆடவர்க்கும் ஒரு சொல். தண்ணீர் எடுப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துவதும் பெண்ணுக்கு மட்டும் உரிய வேலைகளல்ல. நாளொன்றுக்கு ஒரு மணி நேரச் சுமையைக் கணவர் ஏற்பாரானால், அந்த ஒரு மணி நேரத்தில் மனைவி ஒரு பாடம் படிக்கலாம். ஒரு தொழில் பழகலாம். அவள் ஈட்டும் பொருள் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர்தலும் வேண்டும். அப்பொழுதே அவளுக்குத் தன் உழைப்பின்மீது நம்பிக்கை பிறக்கும். குடும்பத்திற்கும் இடர்க்காலத்தில் ஊன்றுகோல் கிடைக்கும்.

பிள்ளைகளை ஆளாக்கிய கைகள் ஓய்ந்த கைகளல்ல; பொறுமையும் சிக்கனமும் பொறுப்பும் பழகிய கைகள். அவற்றிற்குத் தக்க வேலையளிக்கும் ஊரே முன்னேறும் ஊராகும்.