மக்காச்சோளப் பூஞ்சை நச்சும் ஸ்பிங்கோலிப்பிடுகளும்: கொங்கு மண்டலக் கறிக்கோழிகளின் எலும்பு நலம் குறித்த ஒரு விளக்கம்

கொங்கு மண்டலத்தில் விளையும் மக்காச்சோளம் மனித உணவாவதைவிடக் கோழித் தீவனமாவதே மிகுதி. நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர்பெற்றவை. கறிக்கோழித் தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளமே. இத்தானியத்தைத் தாக்கும் ஃபுசேரியம் வெர்டிசில்லியாய்டஸ் என்னும் பூஞ்சை, ஃபியூமோனிசின் என்ற நச்சை உண்டாக்குகிறது. செல்சவ்வின் கட்டமைப்புக் கொழுப்புகளுள் ஒன்றான ஸ்பிங்கோலிப்பிடே அந்நச்சின் இலக்கு. சவ்வில் தொடங்கும் இப்பாதிப்பு எலும்பை எட்டும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

மூளையின் வேதியியலை ஆராய்ந்த துடிக்கும், 1884ஆம் ஆண்டில் தாம் கண்ட பொருளின் புதிர்த்தன்மை கருதி, கிரேக்கத் தொன்மத்தின் ஸ்பிங்ஸை நினைவூட்டும் வகையில் அதற்கு ஸ்பிங்கோசின் எனப் பெயரிட்டார். ஸ்பிங்கோசினுடன் ஒரு கொழுப்பு அமிலம் இணைந்தால் செராமைடு. அதனுடன் பாஸ்போகோலின் சேர்ந்தால் ஸ்பிங்கோமையலின். இது செல்சவ்வின் வெளியடுக்கில் கொலஸ்டிராலுடன் நெருங்கி அமைந்து, சவ்வுக்கு உறுதியளிக்கிறது. கொழுப்பு நங்கூரத்தால் சவ்வில் பிணைந்துள்ள சில புரதங்கள் இத்தகைய பகுதிகளில் திரளுகின்றன. எலும்பாக்கச் செல்களின் அல்கலைன் பாஸ்பட்டேஸ் அவ்வாறு பிணைந்த நொதியாகும். கனிமப்படிவைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை அது சிதைப்பதாலேயே கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் வளர இயலுகிறது.

இத்தொடர்பு ஊகமன்று. ஸ்பிங்கோமையலினைச் சிதைக்கும் நொதிக்குரிய எஸ்எம்பிடி3 மரபணுவை இழந்த எலிகளின் எலும்புகள் எளிதில் முறிவதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்பிங்கோமையலினை உருவாக்கும் நொதிக்குரிய எஸ்ஜிஎம்எஸ்2 மரபணுவின் பிறழ்வுகள் மனிதரிடம் இளவயது எலும்புப்புரையை விளைவிப்பதை 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவியது. ஆக்கம், சிதைவு இரண்டில் எது பிறழினும் எலும்பு பாதிக்கப்படுகிறது என்பதே இவ்விரு சான்றுகளின் ஒருமித்த பொருள்.

ஃபியூமோனிசின் 1988இல் தென்னாப்பிரிக்காவில் பிரித்தறியப்பட்டது. அதன் மூலக்கூறு வடிவில் ஸ்பிங்கனினை ஒத்திருப்பதால், செராமைடு ஆக்கும் நொதியை அது தடுக்கிறது என்பது 1991இல் தெரியவந்தது. விளைவாக ஸ்பிங்கனின் தேங்குகிறது. செராமைடும் அதன்வழி உருவாகும் சிக்கலான ஸ்பிங்கோலிப்பிடுகளும் குறைகின்றன. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 100 முதல் 400 மில்லிகிராம் வரை ஃபியூமோனிசின் கலந்த தீவனம் உண்ட கறிக்கோழிக் குஞ்சுகளிடம் வயிற்றுப்போக்கு, கல்லீரல் திசு அழிவு ஆகியவற்றுடன் ரிக்கெட்ஸும் காணப்பட்டது.

இம்முடிவை அப்படியே பல்லடத்துப் பண்ணைக்குப் பொருத்துதல் தவறாகும். கோழித் தீவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ள வழிகாட்டு அளவே 20 மில்லிகிராம்தான். ஆய்வில் அளிக்கப்பட்டதோ அதனினும் பன்மடங்கு. மேலும், ஃபியூமோனிசின் கோழியின் குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது. எனவே நச்சை முதலில், முழுமையாக எதிர்கொள்வது குடற்சுவரே. கல்லீரலும் குடலும் பாதிக்கப்படும்போது கொழுப்பில் கரையும் வைட்டமின் டி உட்கிரகிப்புக் குறையும். ரிக்கெட்ஸுக்கு அதுவே போதிய காரணமாகலாம். எலும்பாக்கச் செல்லின் சவ்வு நேரடியாகச் சிதைகிறது என்பதைவிட, குடல்வழிப் பாதையே கோழியைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கது. கால் பலவீனத்துக்கு விரைவான உடல் வளர்ச்சி, பாஸ்பரஸ் குறைபாடு எனப் பிற காரணங்களும் உள்ளமையால், நொண்டும் கோழியைக் கண்டவுடன் பூஞ்சையைக் குற்றஞ்சாட்டுவதும் பொருந்தாது.

எனினும் இந்நச்சு இந்தியாவுக்குப் புதிதன்று. 1995இல் தக்காணப் பீடபூமிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் உண்டோர் வயிற்றுவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளாயினர். அதற்கு ஃபியூமோனிசினே காரணமெனக் கண்டறியப்பட்டது. அத்தானியத்தை உண்ட சேவற்குஞ்சுகளுக்கும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கொங்கு மண்டலத்திலும் வடகிழக்குப் பருவமழை கதிர் முற்றும் காலத்தை ஒட்டி நீடிப்பதுண்டு. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு கதிரில் ஏற்படுத்தும் காயங்கள் பூஞ்சைக்கு வாயிலாகின்றன.

தீவனப் பரிசோதனையில் அஃப்ளாடாக்சின் பெறும் கவனத்தை ஃபியூமோனிசின் பெறுவதில்லை. அஃப்ளாடாக்சினை நன்கு பிணைக்கும் பெண்டோனைட் களிமண் ஃபியூமோனிசினை அவ்வளவாகப் பிணைப்பதில்லை என்பதால், நச்சுப்பிணைப்பி கலந்த தீவனம் என்ற ஒன்றே பாதுகாப்பாகிவிடாது. நோய்க்குறிகள் தோன்றுமுன்னரே கோழியின் திசுக்களில் ஸ்பிங்கோசினுக்கு எதிரான ஸ்பிங்கனின் விகிதம் உயர்ந்துவிடுகிறது. தீவன மாதிரியுடன் இவ்விகிதத்தையும் கால் எலும்பின் சாம்பல் அளவையும் ஒரே மந்தையில் சேர்த்து அளந்தால், நச்சுக்கும் எலும்புக்குமான தொடர்பைக் களத்திலேயே சோதிக்க இயலும்.