மகனைக் காக்க எழுதிய நாவல்: யார் இந்த டேவிட் கிராஸ்மன்?

போருக்குப் போன மகன் இறந்துவிட்டால், ராணுவத்தினர் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டிச் சொல்வார்கள். வீட்டில் ஆளே இல்லாவிட்டால்? செய்தியை யாரிடம் சொல்வார்கள்? செய்தி வந்து சேராதவரை மகன் உயிரோடுதான் இருப்பான் என்று நம்பி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள் ஓரா என்ற தாய்.

இது 2008-ல் ஹீப்ருவில் வெளிவந்த நாவலின் கதை. எழுதியவர் டேவிட் கிராஸ்மன். அவர் அதை முடிப்பதற்குள், அதே செய்தி அவர் வீட்டுக்கே வந்தது.

யார் இவர்?

1954-ல் ஜெருசலேமில் பிறந்தவர். அப்பா சிறுவயதில் போலந்தில் இருந்து வந்தவர், பஸ் டிரைவராக இருந்து பிறகு நூலகர் ஆனவர். பல நூற்றாண்டுகளாக வழிபாட்டுக்கும் படிப்புக்குமே பெரும்பாலும் பயன்பட்ட ஹீப்ரு, 19-ம் நூற்றாண்டின் இறுதியில்தான் மறுபடி பேச்சு மொழியாகத் தொடங்கியது. அதைப் பேசியே வளர்ந்த தலைமுறை கிராஸ்மனுடையது. சின்னப் பையனாக இருக்கும்போதே இஸ்ரேல் வானொலியில் குரல் கொடுத்தவர்.

1986-ல் வந்த 'சீ அண்டர்: லவ்' நாவல்தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது. நாஜி மிருகம் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்ட ஒரு சிறுவன், அதை நிஜ மிருகம் என்றே நினைத்து நிலவறையில் தேடுவான். யூத இனப்படுகொலையை இப்படி ஒரு குழந்தையின் கண் வழியாகச் சொன்ன நாவல் அது.

சர்ச்சை எங்கே வந்தது?

1987-ல் ஒரு வார இதழுக்காக மேற்குக் கரைக்குப் போனார். அகதி முகாம்களில் பாலத்தீனர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். அதுதான் 'தி யெல்லோ விண்ட்' என்ற புத்தகம் ஆனது. ஆக்கிரமிப்பு இரண்டு பக்கத்தையும் என்ன செய்கிறது என்று அதில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் பாலத்தீனர்களின் முதல் இன்டிஃபாடா வெடித்தது. 1988-ல், ஒரு முக்கியமான பாலத்தீனச் செய்தியை அமுக்க மறுத்ததால் வானொலி வேலையும் போனது.

2006-ல் என்ன நடந்தது?

லெபனான் போர் தொடங்கியபோது, திருப்பித் தாக்க இஸ்ரேலுக்கு உரிமை உண்டு என்றுதான் கிராஸ்மனும் சொன்னார். ஆனால் போர் நீண்டபோது மனம் மாறியது. ஆகஸ்ட் 10 அன்று அமோஸ் ஓஸ், ஏ.பி. யெஹோஷுவா ஆகிய எழுத்தாளர்களோடு சேர்ந்து, போரை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

இரண்டே நாளில், ஆகஸ்ட் 12 அன்று, தெற்கு லெபனானில் ஒரு டாங்கி தாக்கப்பட்டது. அதில் இருந்த அவருடைய மகன் ஊரி இறந்தார். வயது 20. ஆகஸ்ட் 14-ல் போர் நிறுத்தம் அமலுக்கு வந்தது.

அப்போது நாவலின் பெரும்பகுதி எழுதி முடிந்திருந்தது. 2003-ல் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் புத்தகம் மகனைக் காப்பாற்றும் என்று ஏதோ ஒரு ஆசை தனக்குள் இருந்ததாகப் பின்னுரையில் சொல்கிறார். யூத வழக்கப்படி ஏழு நாள் துக்கம் முடிந்ததும், மறுபடி அதையே எழுத உட்கார்ந்தார்.

அதன் பிறகு கோபம் வந்ததா?

வந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்து மக்கள் மீது அல்ல. அதே நவம்பரில் டெல் அவிவில் பெருங்கூட்டத்தின் முன்னால், தன் நாட்டுத் தலைமைதான் வெற்றாக இருக்கிறது என்று விமர்சித்தார். இஸ்ரேலும் இருக்க வேண்டும், பாலத்தீனர்களுக்கும் நாடு வேண்டும் என்ற நிலைப்பாட்டை விடவில்லை. 2018-ல் அவருக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அரசை விமர்சிப்பதை நிறுத்தவில்லை. 2025-ல் ஓர் இத்தாலிய நாளிதழுக்கு அளித்த பேட்டியில், காசாவில் நடப்பதை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டார். உடைந்த மனதோடுதான் அந்தச் சொல்லைச் சொல்வதாகவும் சொன்னார்.

எதில் இருந்து படிக்கலாம்?

நேரம் குறைவு என்றால் 'எ ஹார்ஸ் வாக்ஸ் இன்டு எ பார்'. ஒரே ராத்திரி, ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடியன், ஜோக்குகளுக்கு நடுவே உடையும் ஒரு பழைய துக்கம். 2017-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்ற நாவல். 50,000 பவுண்டு பரிசை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜெசிகா கோஹனும் அவரும் சரிபாதியாகப் பெற்றார்கள்.

பெரிய புத்தகத்துக்குத் தயார் என்றால் ஓராவின் கதையை எடுங்கள். ஆங்கிலத்தில் 'டு தி எண்ட் ஆஃப் தி லேண்ட்'. கலிலேயா மலைப்பாதையில் நடந்துகொண்டே, மகன் பிறந்தது முதல் வளர்ந்தது வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள் அவள். சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் உயிரோடு இருப்பான் என்று நம்புகிறாள். அந்த வரிகளை எழுதியவருக்கு நடந்தது தெரிந்த பிறகு, புத்தகத்தைப் பாதியில் கீழே வைப்பது உங்களுக்குச் சிரமமாகத்தான் இருக்கும்.