கீபோர்டு தமிழ் பேசுமா?

சில மாதங்களுக்கு முன், பக்கத்துப் பட்டணத்தில் நடந்த ஒரு திருமண விருந்துக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்த இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர் என் பழைய மாணவர். வார நாள்களில் செம்பனை ஆலையில் வேலை. சனி ஞாயிறுகளில் இசைக்குழு. மணமக்கள் மண்டபத்தில் நுழைந்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கீபோர்டை அழுத்தினார். 'மணமக்கள் வாழ்க' என்று கருவியே வாழ்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. வந்ததோ, சேற்றில் அகப்பட்ட எருமையின் முனகலைப் போன்ற ஓர் ஓசை. மண்டபமே சிரித்தது. அவர் குழாயை மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், ஓவர்டைம் செஞ்சி நாலு மாசம் சேர்த்த காசு. இது இங்கிலீஷ் மட்டும்தான் பேசும், தமிழுக்கு ஒத்து வராதுன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. வித்திடலாமான்னு பாக்குறேன்."

"விக்கிறது இருக்கட்டும் தம்பி. தமிழ் வராதுன்னு சொன்னவங்க யாரும் அதைச் சோதிச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. தமிழ் எழுத்துகளை உச்சரிக்கச் சொல்லிக் கொடுத்தே காலம் தள்ளுகிறவன் நான். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்து வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை இந்தக் கருவியோடு கழித்தோம். அதில் கண்டதை, கருவி வைத்திருக்கும் இளைஞர்களுக்கும், வீட்டில் அதன் கூச்சலைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

டாக் பாக்ஸ் என்பது யாது?

கீபோர்டின் ஒலியை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. அந்த ஒலி வழக்கமான ஸ்பீக்கருக்குப் போகாமல், ஒரு பெட்டிக்குள் இருக்கும் 'டிரைவர்' என்னும் சிறு ஒலிப்பானுக்குப் போகிறது. கோயில் கோபுரத்தில் கட்டியிருக்கும் ஊதுகுழல் ஒலிபெருக்கியின் பின்புறம் உருண்டையாக ஓர் உறுப்பு இருக்குமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். அதன் வாயில் ஊதுகுழலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறுமுனை வாசிப்பவரின் வாய்க்குள். அவர் குரல் எழுப்புவதில்லை. பேசுவது போல வாயை மட்டும் அசைக்கிறார். வாயில் உருவம் பெற்ற ஒலியை எதிரேயுள்ள மைக் வாங்கி மண்டபத்துக்குத் தருகிறது.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகப் பிறக்கும் முறையை விளக்குகிறார். டாக் பாக்ஸில் அந்தக் காற்றின் வேலையையும் மிடற்றின் வேலையையும் கீபோர்டு பார்த்துக்கொள்கிறது. பல், இதழ், நா முதலியவை நம்முடையவை. ஆகவே அதற்கென்று மொழி எதுவும் கிடையாது. நம் வாய்க்குத் தெரிந்த மொழிதான் அதற்கும் தெரியும்.

இதை 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி உருவாக்கிய வோகோடரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது குரலை மின்சுற்றில் பிரித்துப் பார்ப்பது. 1997-இல் வந்த ஆட்டோட்யூன், பாடியவரின் சுருதியைக் கணினியால் திருத்துவது. இவற்றில் பாடகரின் குரல் வேண்டும். டாக் பாக்ஸுக்கு வாய் மட்டும் போதும்.

வந்த வழி

1939-இல் அல்வினோ ரே என்ற அமெரிக்கக் கலைஞர் தம் ஸ்டீல் கிட்டாரைப் பேச வைத்தார். திரைக்குப் பின்னே நின்று வாயசைத்தவர் அவர் மனைவி லூயிஸ் கிங். ஒலி அவர் தொண்டையில் வைத்த கருவியின் வழியே சென்றது. 1964-இல் பீட் டிரேக் குழாய் முறையில் தம் கிட்டாரைப் பேச வைத்துப் புகழ் பெற்றார். பெரிய மேடைக்குத் தாங்கும் வலுவான பெட்டியை 1973-இல் பாப் ஹைல் என்ற ஒலிப் பொறியாளர் ஜோ வால்ஷுக்காகச் செய்து கொடுத்தார். 1976-இல் பீட்டர் ஃபிராம்டனின் மேடைப் பதிவு வெளிவந்த பிறகு இந்த ஓசையை உலகமே அறிந்துகொண்டது.

இவர்களில் பலர் கிட்டார்க்காரர்கள். கீபோர்டில் இதை ஒரு பாடகனின் குரலாகவே ஆக்கியவர் ஒஹாயோ மாநிலத்து ரோஜர் டிரவுட்மன். சகோதரர்களோடு சேர்ந்து 'ஸாப்' என்ற குழுவை நடத்தி, 1980-இல் வெளிவந்த 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்' என்ற பாட்டால் பெயர் பெற்றார். 1995-இல் வந்த 'கலிஃபோர்னியா லவ்' பாட்டில் ஒலிக்கும் இயந்திரக் குரலும் அவருடையதே. 1999-இல் காலமானார். அவர் பிற்காலத்தில் பயன்படுத்தியது சிறு கட்டைகள் கொண்ட யமாஹா டி.எக்ஸ். 100 என்னும் எளிய கீபோர்டு. விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் சொல் தெளிவாக வரும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொல்வதெழுதுதல்

வாசிப்பவருக்குத் தம் சொல் எப்போதும் தெளிவாகவே கேட்கும். அவர் மனத்தில் அந்தச் சொல் முன்பே இருக்கிறதல்லவா? ஆகவே எனக்குத் தெரிந்த தேர்வையே வைத்தேன். கோயில் மண்டபத்தில் ஞாயிறு சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எட்டுப் பேரை உட்காரவைத்து, கையில் தாளும் பென்சிலும் கொடுத்தேன். தம்பி திரைக்குப் பின்னால் இருந்து பத்துச் சொற்களை 'வாசித்தார்'. முதல் வாரம் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கே மூன்று சொற்கள்தாம் சரி. 'கிளி' என்பதைக் 'குளு' என்று எழுதியிருந்தார்கள். 'பட்டு' என்பது 'வடு' ஆகியிருந்தது. 'பழம்' 'பலப்' ஆயிற்று. 'அம்மா' என்பதை எட்டுப் பேருமே 'அப்பா' என்று எழுதியிருந்தார்கள்!

பிழைகளைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. கண்டபடி பிழை செய்யும் பிள்ளையைத் திருத்துவதுதான் கடினம். ஒரே விதமாகப் பிழை செய்தால், காரணம் ஒன்று இருக்கிறது என்று பொருள்.

கிளி ஏன் குளுவாயிற்று?

உயிரெழுத்து ஒவ்வொன்றுக்கும் வாய் அறையில் இரண்டு முக்கிய அதிர்வு இடங்கள் உண்டு. ஆண் குரலில் 'ஆ' என்றால் ஏறத்தாழ 700, 1100 ஹெர்ட்ஸ். 'ஈ' என்றால் 300, 2300. 'ஊ' என்றால் 300, 900. ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் கீழ் எண் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். வேறுபாடு முழுதும் மேல் எண்ணில் இருக்கிறது. 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வாய்க்கு வந்து சேராவிட்டால் 'கிளி' 'குளு'வாகத்தான் கேட்கும்.

அந்த மேல் ஒலி எங்கே தொலைந்தது? முதலாவதாக, தம்பி கீபோர்டில் புல்லாங்குழல் போன்ற மெல்லிய ஒலியைத் தேர்ந்திருந்தார். அதில் மேல் சுரக்கூறுகள் குறைவு. செதுக்க மரம் இல்லாமல் சிற்பம் ஏது? 'சா டூத்' என்னும் இரம்பப்பல் அலையை வைக்கச் சொன்னேன். கேட்க முரடாகத்தான் இருக்கும்; ஆனால் எல்லாச் சுரக்கூறுகளும் அதில் உண்டு. எக்கோ, கோரஸ் முதலிய அலங்காரங்களைக் குழாய்க்கு முன்னால் சேர்க்கவே கூடாது. வேண்டுமானால் மைக்குக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அவர் வாசித்தது மேல் ஸ்தாயியில். 500 ஹெர்ட்ஸ் சுரத்தில் 500, 1000, 1500 என்று தூரந்தூரமாகவே கூறுகள் நிற்கும். 125 ஹெர்ட்ஸ் சுரத்திலோ 125, 250, 375 என்று நெருக்கமாக நிற்கும். வேலிக்கம்பு நெருக்கமாக இருந்தால்தானே வேலியின் வளைவு தெரியும்? ஆகவே ஆண் பேசும் குரல் அளவிலும் அதற்குச் சற்று மேலும் வாசிப்பதே நல்லது. ஒரு சமயத்தில் ஒரே கட்டைதான். இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் சொல் குழம்பும்.

மூன்றாவது குழாய். அவருடையது பத்தடி நீளம். குழாய் நீள நீள மேல் ஒலி தேய்கிறது. பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து முக்காலியில் வைத்து, குழாயை நான்கடியாகக் குறைத்தோம். உட்புற விட்டம் ஏறத்தாழ 3/8 அங்குலம் இருப்பது வழக்கம். மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய குழாய் ஆகாது. வாயில் வைப்பதால், உணவுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட குழாயையே வாங்க வேண்டும்.

இந்த மூன்று மாற்றங்களுக்குப் பின் இரண்டாவது வாரம் 'கிளி' கிளியாகவே வந்தது.

ஆம்ப்ளிஃபயரில் செய்யும் தவறு

தெளிவு இல்லை என்றதும் தம்பி செய்தது, சத்தத்தையும் பேஸையும் கூட்டியதுதான். அதனால் ஒரு டிரைவர் எரிந்தே போனது. இந்த டிரைவர்கள் மேல் ஒலிக்காகச் செய்யப்பட்டவை. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வலுவாக அனுப்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அளவுக்கு மீறி அசைந்து கெடும். ஆகவே பேஸைக் குறைத்து, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்று ஏற்ற வேண்டும். அடிச்சுரத்தைக் குறைத்தால் சுருதி தெரியாமல் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மேல் கூறுகளைக் கேட்டே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் ஆற்றல் நம் காதுக்கும் மூளைக்கும் உண்டு.

ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் வழியை டிரைவருக்கு மட்டுமே இணைக்க வேண்டும். மிக்ஸரின் மைக் துளையில் செருகினால் மிக்ஸர் போய்விடும். ஓம் அளவும் வாட் அளவும் பொருந்துகின்றனவா என்பதை இணைக்கும் முன் பார்க்க வேண்டும். பல் அதிரும் அளவுக்கு ஒலி வைப்பது தவறு. மண்டபத்துக்கு வேண்டிய சத்தத்தை மைக்கும் பெரிய ஸ்பீக்கர்களும் தர வேண்டும். மைக் உதட்டுக்கு இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும்; மேடை ஸ்பீக்கர் அதன் முகத்தைப் பார்க்க வேண்டாம். பார்த்தால் 'கீ'யென்று கூவும்.

குழாய் இருக்கும் இடம்

'பழம்' ஏன் 'பல'மாயிற்று என்று பார்க்கத் தம்பியை வாயைத் திறக்கச் சொன்னேன். குழாய் நாக்கின் நடுவே கிடந்தது! ழகரத்துக்கு நாநுனி மேல்நோக்கி வளைய வேண்டும். நாக்கின் மேல் கட்டை கிடந்தால் அது எப்படி வளையும்? குழாயைக் கடைவாய்ப் பற்களுக்குப் பக்கத்தில், கன்னத்து ஓரமாக, உதட்டுக்கு உள்ளே ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்குமாறு வைத்தோம். ழகரம் அன்றே வந்துவிட்டது.

'பட்டு' வேறு விதமான சிக்கல். இரட்டை வல்லினத்தில் ஒரு கணம் ஒலியே இல்லை. நாம் பேசும்போது தொண்டை தானே நின்றுவிடுகிறது, கீபோர்டு நிற்பதில்லை. ஆகவே ட்டகரம் வரும் கணத்தில் விரலும் கட்டையிலிருந்து எழ வேண்டும். விரலும் நாவும் சேர்ந்து பழகுவதற்குத் தம்பிக்கு இரண்டு வாரம் பிடித்தது. சகரத்துக்குக் குழாய் உதவாது. வாயில் இருக்கும் சிறு காற்றைக்கொண்டு நாமே 'ஸ்' என்று சீற வேண்டும்.

மிகக் கடினமானது 'அம்மா'. மகரம் உதட்டை மூடி மூக்கால் விடும் ஒலி. மூக்கு வழி அடைபட்டிருந்தால் அது பகரமாகிவிடும். அதனால்தான் அம்மா அப்பாவானார். 'ங்' என்று சொல்வது போல உள்நாக்கைத் தளர்த்தி, உதட்டை வழக்கத்தைவிடச் சற்று நேரம் மூடிவைத்து, மைக்கை மூக்குப் பக்கம் சிறிது உயர்த்தினோம். மெல்லியதாகத் தம் சொந்தக் குரலிலும் முனகச் சொன்னேன். நான்காவது வாரம் எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர் 'அம்மா' என்று எழுதினார்கள். பத்துக்கு எட்டு வாங்கியவர்கள் ஐந்து பேர். ஒரு சிறுமிக்கு ஒன்பது.

தூய்மையும் எச்சரிக்கையும்

ஒருவர் வைத்த குழாயை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது. வாசித்து முடிந்ததும் குழாயைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். எச்சில் வழிந்து டிரைவருக்குள் இறங்காதபடி குழாயின் நடுப்பகுதி தாழ்ந்து தொங்கட்டும். தலை வலித்தாலோ பல் கூசினாலோ அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுவது நல்லது.

திருவிழா இரவு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அதே இசைக்குழு வாசித்தது. தம்பி குழாயை எடுத்ததும், திருமணத்தில் சிரித்த கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நீளமான வாக்கியம் எதுவும் முயலவில்லை. 'அம்மா' என்ற ஒரே சொல்லை மூன்று சுரங்களில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முன்வரிசையில் பாயில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி தம் பேத்தியிடம், "யாரும்மா அது, அம்மாவைக் கூப்பிடுறது?" என்று கேட்டார். அந்தப் பேத்தி எங்கள் சொல்வதெழுதுதல் கூட்டத்தைச் சேர்ந்தவள். "கீபோர்டு, பாட்டி" என்றாள்.

நகரமும் ஙகரமும் இன்னும் சரியாக வரவில்லை. 'மணமக்கள் வாழ்க' என்பதில் 'மண' சற்று மங்கலாகவே இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு திருமணம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறார். பெட்டியை விற்கும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.