நூறு மீற்றர் கயிறும் ஒரு படலையும்

திருகோணமலையில் கோணேசர் கோயிலடியில் நின்று கீழே கடலைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் மறக்காது. நானூறு அடி வரும் என்பார்கள். அங்கிருந்து நூறு மீற்றர் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஒருமுறை போய்த் திரும்ப 20 செக்கன் எடுக்கும். அதுதான் அந்த ஊசலின் அலைவுகாலம். கல் சிறிதா பெரிதா என்பது பொருட்டல்ல, கயிற்றின் நீளமே கணக்கு. 25 சென்ரிமீற்றர் கயிறென்றால் 1 செக்கன்தான்.

பூமியதிர்ச்சியைப் பதியும் கருவிக்குள்ளும் ஓர் ஊசல்தான் இருக்கிறது. நிலம் எவ்வளவு அசைந்தது என்று அறிய, அசையாத ஒரு பொருள் வேண்டும். நிலத்தில் ஊன்றிய எல்லாமே நிலத்தோடு சேர்ந்து ஆடும். தொங்குகிற கல் மட்டும் சற்றுத் தயங்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு முழ நூலில் சாவிக்கொத்தைக் கட்டிப் பிடியுங்கள். கையை விறுவிறென்று அசைத்தால் கொத்து இருந்த இடத்திலேயே நிற்கும். கைக்கும் கொத்துக்கும் இடையே தெரிகிற விலகல்தான் பதிவு. கையை மிக மெதுவாக நகர்த்தினால் கொத்தும் கூடவே வந்துவிடும். விலகலே இராது, பதிவும் இராது. இரண்டுக்கும் நடுவில், கொத்தின் சொந்த அலைவுகாலத்தோடு கை ஒத்துப்போனால், சிறிய அசைவுக்கே கொத்து பெருவீச்சாக ஆடும். அப்போது பதிவில் தெரிவது நிலத்தின் ஆட்டமல்ல, ஊசலின் ஆட்டம்.

ஆகவே மெதுவான அலையைப் பிடிக்க நீண்ட அலைவுகாலம் வேண்டும். ஒரு செக்கன் ஊசலுக்கு 30 செக்கன் அலை வந்தால், நில அசைவில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்குதான் அதற்குத் தெரியும். ஆனால் பூமியதிர்ச்சியைப் பதியும் ஒவ்வொரு நிலையத்துக்கும் கோணமலை உயரத்தில் கயிறு கட்ட முடியுமா?

விடை நம் வீட்டுப் படலையில் இருக்கிறது. படலையைத் தாங்கும் கப்பு நேர்க்குத்தாக நின்றால், படலை விட்ட இடத்திலேயே நிற்கும். கப்பு துளி சாய்ந்திருந்தால் மெல்ல மெல்ல ஆடித் தன் இடத்துக்குத் திரும்பும். சாய்வு குறையக் குறைய அலைவுகாலம் நீளும். இந்தக் கிடை ஊசலை வைத்துத்தான் பூமியதிர்ச்சி ஆய்வாளர் ஜோன் மில்ன் தன் கருவியை அமைத்தார். கொடைக்கானல் வானாய்வகத்திலும் மில்ன் கருவி இயங்கியது.

அந்தக் கருவியில் ஒரு குறை இருந்தது. ஊசலை அடக்க ஏதும் இல்லை. முதல் அலை தட்டியதும் ஆடத் தொடங்கிய ஊசல், அடுத்த அலை வரும்போதும் பழைய ஆட்டத்தை விடாது. இரண்டும் கலந்து கோடு குழம்பும். ஜெர்மனியில் எமில் வீகெர்ட் காற்றின் தடையால் ஊசலை அடக்கினார். பின்னர் காந்த முனைகளுக்கிடையே உலோகத் தகடு அசையும் முறை வந்தது. உங்கள் சாவிக்கொத்தை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள், வேறுபாடு கையில் தெரியும்.

இப்படி ஊசலை அடக்கும் தணிப்பு அளவோடு இருக்கவேண்டும். ஊசல் நடுநிலையைத் தாண்டாமல் திரும்பிவரத் தேவையான தடையை 1 என்று கொண்டால், 0.7 அளவு நல்லது என்று கருவி செய்பவர்கள் கண்டார்கள். அது வெறும் 0.05 ஆக இருந்தால், ஊசலின் சொந்த அலைவுகாலத்தில் வரும் அசைவு பத்து மடங்காகப் பெருகித் தெரியும். ஒன்றுக்கு மிக மேலே போனாலோ கருவி மந்தமாகிவிடும். அந்த 0.7 என்ற இலக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பொறுமையை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

கண்டிக்கு அருகே பல்லேகலையில் அப்படியொரு பதிவு நிலையம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று, 1,700 கிலோமீற்றருக்கு அப்பால் சுமாத்திராவுக்கு அருகே காலை 6.58க்கு நிலம் பிளந்தது. சில நிமிடங்களில் இலங்கை நிலம் மேலும் கீழுமாக 9 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்ததைப் பல்லேகலைக் கருவி பதிந்தது. நம்மில் பெரும்பாலோர் அதை உணரவில்லை. அவ்வளவு மெதுவான அசைவு அது. அங்கே ஒரு செக்கன் ஊசல் மட்டும் இருந்திருந்தால், 30 செக்கன் அலையின் அந்த 9 சென்ரிமீற்றர் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அப்போதைய நம் நேரப்படி 7.14க்கு நடுக்கத்தின் பருமனை 8.0 என்றது; 8.04 மணியளவில் 8.5 என்று திருத்தியது. முதலில் வந்துசேரும் விரைவான அலைகளை வைத்துக் கணித்தால் மாபெரும் நடுக்கங்கள் சிறுத்தே தெரியும். உண்மையான பருமன் நூற்றுக்கணக்கான செக்கன் நீளும் மெதுவான அலைகளில் இருந்தது. அதை வாசித்து 9.0 என்று சொல்லப் பல மணி நேரம் பிடித்தது. திருகோணமலையை நோக்கிப் புறப்பட்ட கடலலை 8.04க்கே பாதி வழியைத் தாண்டிவிட்டது.

2008இல் ஆய்வாளர்கள் ஹிரூ கனமோரியும் லூயிஸ் ரிவேராவும், 200 முதல் 1,000 செக்கன் வரையான மெதுவான அலைகளைக் கொண்டே பருமனை விரைந்து கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். இப்போது ஏறத்தாழ 20 நிமிடங்களில் அந்த விடை கிடைக்கிறது. அதற்கு வேண்டிய பதிவுகளைத் தருபவை 120, 360 செக்கன் அலைவுகாலமுள்ள, 0.7 அளவில் தணித்த கருவிகள்.