பவர் டேபிளில் டைட்டானியம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பவர் டேபிள் மிஷின்களில் இரண்டு வகைத் தையல் ஊசிகள் புழங்குகின்றன. ஒன்று வெள்ளி நிறம், குரோமியம் பூசியது. இன்னொன்று பொன்னிறம், விலையும் கூடுதல். அந்தப் பொன்னிறம் தங்கமும் இல்லை, சாயமும் இல்லை. டைட்டானியம் நைட்ரைடு என்ற கடினமான பொருளின் மெல்லிய படலம் அது. அதன் தடிமன் சில மைக்ரான்தான். மனிதத் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும்.

இப்படி ஒரு படலம் ஏன் வேண்டியிருக்கிறது? ஓவர்லாக் மிஷின் நிமிடத்துக்கு 6,000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது. அந்த வேகத்தில் துணியோடு உரசி ஊசி கொதிக்கிறது. செயற்கை இழைத் துணி என்றால் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டிவிடும். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகுவதால், இழை இளகி ஊசிக்காதில் ஒட்டும், நூல் அறுந்துபோகும். பின்னலாடையில் இதைவிடக் கொடியது முனை கெட்ட ஊசி. அது பின்னல் வளையத்தை விலக்கிக்கொண்டு இறங்காமல் குத்தி அறுத்துவிடும். தைத்த நேரத்தில் எதுவும் தெரியாது. துவைத்து இழுத்த பிறகுதான் ஓட்டை விரியும், அதற்குள் சரக்கு கப்பலேறியிருக்கும். குழந்தை உடையில் ஊசி உடைந்தாலோ எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை அந்த மிஷினில் வேலை நின்றுவிடும். முனை கெடாமல் காப்பது பூச்சின் கடினம்தான். குரோமியப் பூச்சுக்கு அது விக்கர்ஸ் அளவீட்டில் சுமார் 1,000 இருக்கும். டைட்டானியம் நைட்ரைடுக்கு 2,000-க்கு மேல்.

இந்தப் படலத்தைத் தூரிகையாலோ முக்கி எடுத்தோ போட முடியாது. வெற்றிட அறைக்குள் அணு அணுவாகத்தான் படியவைக்க வேண்டும். அதற்கான முக்கிய வழிகளில் ஒன்று ஸ்பட்டரிங். காற்றை உறிஞ்சி வெளியேற்றிய அறையில் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுகிறார்கள். உள்ளே இருக்கும் டைட்டானியத் தகட்டுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்ததும் ஆர்கான் அயனிகள் பாய்ந்து அதைத் தாக்குகின்றன. தகட்டிலிருந்து பெயர்ந்து பறக்கும் அணுக்கள் எதிரே தொங்கும் ஊசிகள்மேல் படிகின்றன. கூடவே நைட்ரஜனையும் விட்டால் இரண்டும் ஊசிமேலேயே சேர்ந்து நைட்ரைடாகிவிடும். அடிவாங்கும் அந்தத் தகட்டுக்குத்தான் டார்கெட் என்று பெயர்.

மின்னிறக்கக் குழாயில் உலோகம் இப்படிப் பெயர்ந்து படிவதை வில்லியம் குரோவ் பதிவுசெய்தது 1852-இல். அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் எபிங்கன் ஊரில் தியோடர் குரோஸ் ஊசித் தொழிலைத் தொடங்கினார். இன்று குரோஸ்-பெக்கர்ட் என்று திருப்பூர் முழுக்கத் தெரிந்த பெயர் அது. கெபெடூர் என்ற பெயரில் அவர்கள் விற்பதும் டைட்டானியம் நைட்ரைடு பூசிய ஊசிதான்.

ஊசிக்குச் சுத்த டைட்டானிய டார்கெட் போதும். அதன் நைட்ரைடு 500 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், எந்தத் தையல் மிஷினும் அவ்வளவு சூடாவதில்லை. கோவைப் பட்டறைகளில் எஃகைக் குடையும் டிரில் பிட்டின் கதை வேறு. அங்கே டைட்டானியமும் அலுமினியமும் கலந்த டார்கெட் வேண்டும், அந்தப் படலம் 800 டிகிரி வரை நிற்கும். ஸ்பட்டரிங்கின் உண்மையான சிறப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது என்பேன். ஒரு கலப்பு உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கினால் எளிதில் ஆவியாகும் உலோகம் முந்திக்கொள்ளும், படலத்தில் விகிதம் குலைந்துபோகும். ஸ்பட்டரிங்கிலும் ஒரு தனிமம் மற்றதைவிட எளிதாகப் பெயரத்தான் செய்கிறது. ஆனால் அது பெயரப் பெயர டார்கெட்டின் மேற்பரப்பில் அதன் பங்கு குறைந்து மற்றதன் பங்கு கூடுகிறது. சிறிது நேரத்தில் ஒரு சமநிலை வந்துவிடும். அதன்பின் டார்கெட்டில் என்ன விகிதமோ ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் அணுக்கள் வெளியேறும். ஆகவே படலத்தின் தரத்தில் பாதி, பூச்சு அறையைத் திறப்பதற்கு முன்பே, டார்கெட்டை வார்த்த உலையில் முடிவாகிவிடுகிறது.

கலப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். டார்கெட்டுக்குப் பின்னால் காந்தங்களை வைத்து எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வேகத்தைக் கூட்டுவது இன்றைய வழக்கம். நிக்கல் தானே காந்தத்தன்மை உள்ள உலோகம் என்பதால் அந்தக் காந்தப்புலத்தை விழுங்கிவிடும். நிக்கலோடு 7 சதவீதம் வனேடியம் சேர்த்தால் அந்தக் குணம் போய்விடுகிறது.

நொய்யல் ஆறு சாயத்தில் ஓடியதைப் பார்த்த, 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் திருப்பூர். குரோமியம் முலாம் பூசும் தொட்டியில் கழிவுநீர் உண்டு. வெற்றிட அறைக்குள் படலம் படியும் கட்டத்தில் அது இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இங்குள்ளவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூலப்பொருளுக்கு வெகுதூரம் போக வேண்டாம். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியத் தாதுவான இல்மனைட் இருக்கிறது. கேரளத்தின் சவராவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் (பஞ்சுபோன்ற கச்சா உலோகம்) எடுக்கும் திறனுள்ள ஆலை, ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தில், விண்வெளித் துறையின் நிதியில் எழுந்தது. அதை உருக்கி வார்க்கும் வெற்றிட உலைகள் ஐதராபாத்தின் மிதானி நிறுவனத்தில் உள்ளன.

தேவைப்படும் அளவோ மிகச் சிறியது. ஒரு தையல் ஊசியின் பரப்பு ஒன்றரை சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதில் 2 மைக்ரான் படலம் போட ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் டைட்டானியம் போதும். பெயரும் அணுக்களில் ஐந்தில் ஒரு பங்குதான் ஊசியில் படிந்து மீதி அறைச் சுவருக்குப் போகிறது என்று கணக்கிட்டாலும், ஒரு கிராமில் நூற்றைம்பது ஊசிகள் பூசலாம். எடை இங்கே தடையே இல்லை. கடினமானது டார்கெட் செய்யும் கைவேலை. டைட்டானியத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். உள்ளே உலோக மணிகள் நுண்மையாக, எங்கும் ஒரே சீராக அமைய வேண்டும், பொடி நுண்துளைகூட இருக்கக் கூடாது. தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் செம்புத் தகட்டில் பல டார்கெட்டுகளை ஒட்டவைக்கிறார்கள். ஒட்டு ஓரிடத்தில் விட்டாலும் அந்த இடம் சூடேறி டார்கெட் விரிசல் விடலாம். வட்டத் தகடோ சதுரத் தகடோ, காந்தப்புலம் வலுத்த ஒரு வளையத்தில் மட்டும் பள்ளம் விழுவதால் மூன்றில் ஒரு பங்கு தேய்வதற்குள் கழற்ற வேண்டிவரும். உருளை வடிவில் செய்து சுழலவிட்டால் முக்கால் பங்குவரை பயன்படும்.

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் துறையும் ஜவுளித் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. திருப்பூரில் தேய்ந்து குப்பைக்குப் போகும் பொன்னிற ஊசிகளைச் சேகரித்து, படலம் முதலில் எங்கே உரிகிறது, முனையிலா காதிலா என்று இரு துறை மாணவர்களும் சேர்ந்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். எந்தத் துணிக்கு எந்த டார்கெட் என்ற கேள்விக்கான முதல் தகவல் அந்த ஊசிகளில்தான் இருக்கிறது.