பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியது ஏன்? துருவுக்குப் பின்னால் இருக்கும் எளிய கணக்கு!

1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலையே தாண்டி வந்தது. ஆனால் 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ‘பாலம்தான் நிக்குதே, ரயில் விட்டா என்ன?’ என்று கேட்கத் தோன்றும். பதில், இன்ஜினியரிங் மாணவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கும் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ பாடத்தில் இருக்கிறது.

அதென்ன ஸ்ட்ரெஸ்?

தமிழில் தகைவு. விசையை, அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. அவ்வளவுதான். பாலத்தில் எடை கூடவில்லை என்றாலும் பரப்பு குறைந்தால் தகைவு ஏறும். அந்த வேலையைத்தான் துரு செய்கிறது.

10 மி.மீ. தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 1 மி.மீ. அரித்தால் மிச்சம் 8 மி.மீ. அதே இழுவிசைக்குத் தகைவு 25 சதவீதம் கூடிவிடும். தகடு வளையும்போது நிலைமை இன்னும் மோசம். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், கிட்டத்தட்ட பாதி காணாமல் போகும்! ஐந்தில் ஒரு பங்கு தடிமன் போனதற்கு இந்த விலை.

சும்மா நிற்கும் பாலம் தாங்குவது தன் எடையையும் காற்றையும்தான். ரயில் ஏறினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தகைவு ஏறி இறங்கும். துரு குடைந்த குழிகளில் விரிசல் தொடங்குவது இப்படித்தான். இதற்குப் பெயர் ஃபடீக், அதாவது களைப்பு. கண்ணுக்குத் தெரியாமல் வளரும் என்பதுதான் இதில் ஆபத்தே.

புதிய பாலத்தில் என்ன மாற்றம்?

2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவைத் தடுக்க பாலிசிலாக்சேன் பெயின்ட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. கப்பலுக்கு வழிவிட்டு செங்குத்தாக மேலேறும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர்.

பாம்பன் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால் அந்த நீள எஃகு சுமார் 17 மி.மீ. நீளும். ‘17 மி.மீ.தானே’ என்று இரு முனைகளையும் இறுக்கிக் கட்டினால், சதுர மில்லிமீட்டருக்கு 48 நியூட்டன் தகைவு உருவாகும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-ல் நிரந்தரமாக நீளத் தொடங்கும். அதாவது ரயில் வருவதற்கு முன்பே ஐந்தில் ஒரு பங்கு பலம் காலி. பாலங்களில் பொதுவாக கர்டரின் ஒரு முனையை மட்டும் நகரும் பேரிங் மேல் உட்கார வைப்பது இதற்காகத்தான்.